நான் தைத்த ஏர் ஃபில்டர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகம். நீ சுகமா என்று கடிதம் தொடங்குவதற்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன், கையும் ஓடாமல் காலும் ஓடாமல் உட்கார்ந்து கேட்கிறேன். மீதியை நிதானமாகப் படிக்கலாம், முதலில் இதைப் படி. சனிக்கிழமை நீ காரை எடுக்கக் கூடாது. இந்தக் கடிதம் வந்த பெட்டியிலேயே புது ஏர் ஃபில்டர் இருக்கிறது. அதை உங்கள் ஊர் மெக்கானிக்கிடம் கொடுத்து மாட்டச் சொல்லி, அவர் எஞ்சினையும் ஒரு தரம் பார்த்து சரி என்று சொன்ன பிறகுதான் அந்த மேட்டுப் பண்ணைகளுக்குப் போக வேண்டும். ஏன் என்று கேட்பாய். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன், ஆனால் பேனா அந்த இடத்துக்குப் போக மாட்டேன் என்கிறது.

நேற்றிலிருந்து உன் நம்பருக்குப் பதினேழு தடவை போட்டுவிட்டேன். தடுப்பூசி முகாமுக்கு ஆபீஸ் ஜீப்பில் போகிறேன், வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் திரும்புவேன், அங்கே சிக்னல் இருக்காது என்று நீ சொல்லிவிட்டுத்தான் போனாய், எனக்கும் தெரியும், இருந்தாலும் கை சும்மா இருந்தால்தானே. உங்கள் ஆபீஸுக்கும் போட்டேன். கிளார்க் எடுத்தார், நல்ல மனுஷன், பொறுமையாகக் கேட்டார். மாட்டு டாக்டர் அம்மா திரும்பி வந்ததும் முதலில் பார்சலைத் திறக்கச் சொல்லுங்கள், காரை எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள் என்றேன். பார்சல்ல என்னங்க இருக்கு, சாப்பிடுற பொருளா இருந்தா எறும்பு வராம வைக்கணும்ல என்றார். துணிங்க, சட்டை தைச்சு அனுப்புறேன் என்று வாயில் வந்துவிட்டது. பொய் எனக்கு இப்படித்தான் வருகிறது பார், யோசிக்கவே வேண்டியதில்லை, தும்மல் மாதிரி. அப்பாவுக்கு அந்தக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியாயிற்று, கன்னம் வீங்கி ஒரு பக்கமாகப் பேசுகிறார். என் தையல் மெஷினுக்கு மோட்டார் போட்டேன், கால் வலி குறைந்திருக்கிறது. பள்ளிக்கூடத்துச் சீருடை ஆர்டர் மலை மாதிரி கிடக்கிறது, நேற்றிலிருந்து ஒரு காலர்கூட வைக்கவில்லை.

சரி, சொல்லிவிடுகிறேன். மூன்று மாதத்துக்கு முன் நீ லீவுக்குக் காரிலேயே வந்தாயே, அப்போது நம் தெரு மெக்கானிக் டார்ச்சு (பகலிலும் வாயில் டார்ச் லைட்டைக் கவ்விக்கொண்டே வேலை செய்வாரே, அவரேதான்) ஏர் ஃபில்டரைக் கழற்றிக் காட்டி, கறுத்துப் போச்சு, ஓரத்துல கிழிஞ்சும் இருக்கு, தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கி மாட்டிடுங்க என்றார். நீ என்னை வாங்கச் சொல்லிவிட்டு உன் சிநேகிதியைப் பார்க்கப் போய்விட்டாய். கடையில் உன் கார் மாடலுக்கு ஸ்டாக் இல்லை, இரண்டு நாள் ஆகும் என்றார்கள். மறுநாள் விடியற்காலை நீ கிளம்ப வேண்டும். வீட்டுக்கு வந்து அந்தப் பழைய ஃபில்டரை மேஜைமேல் வைத்துப் பார்த்தேன். மடிப்பு மடிப்பாக, பள்ளிக்கூடப் பிள்ளையின் பாவாடை மாதிரி அழகாக இருந்தது. இதைப் போய் ஏன் எறிய வேண்டும் என்று தோன்றியது. சோப்புத் தண்ணீரில் முக்கி அலசினேன், மூன்று தடவை கறுப்புத் தண்ணீர் வந்தது, நாலாவது தடவை தெளிந்தது. வெயிலில் வைத்து, அப்புறம் மேலே துணி போட்டு அயர்ன் பாக்ஸைக் குறைந்த சூட்டில் ஒவ்வொரு மடிப்பிலும் ஓட்டினேன். கிழிசல் சுண்டுவிரல் நகம் அளவுதான். காலருக்கு வைக்கிற கேன்வாஸில் ஒரு துண்டு வெட்டி, இருக்கிறதிலேயே மெல்லிய ஊசியில், சாம்பல் நூலில் பதினோரு தையல் போட்டு அடைத்தேன். கொண்டுபோய் நானே நாலு கிளிப்பையும் போட்டு மாட்டினேன். சாயங்காலம் வந்து மாத்தியாச்சாம்மா என்று கேட்டாய். மாத்தியாச்சு என்றேன். அதுதான் நான் செய்தது பாப்பா.

ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று நேற்றிலிருந்து என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு நாள் தள்ளிப் போகச் சொல்லியிருக்கலாம், சொன்னால் புது வேலை, லீவு இல்லை என்று கோபப்படுவாய். ஆனால் அது மட்டும் இல்லை. அதற்கு முந்தின நாள்தான் என் அலமாரியைத் திறந்து, கழுவிக் காயவைத்து அடுக்கியிருந்த கவர்களையும் டப்பாக்களையும் பார்த்து, இதுக்கு டிக்கெட் போட்டு ஆளுங்கள உள்ள விடலாம்மா, வாழ்க்கைல எதையாவது தூக்கிப் போட்டிருக்கியா நீ என்று சிரித்தாய். நானும் கூடச் சிரித்தேன், உள்ளுக்குள் சுருக்கென்றது. பாருடி, நீ எறிய இருந்ததை நான் ஓட்டிக் காட்டுகிறேன் என்று ஒரு ரோஷம். ஓடியதும் ஓடியது, நீ போய்ச் சேர்ந்து வண்டி ஜோரா வந்துச்சும்மா என்று சொன்னபோது எனக்கு இருந்த பெருமையை என்னவென்று சொல்ல.

நேற்றுக் காலை ஜீப்பில் ஏறும் முன் நீ பேசினாயே, அப்போதுதான் நான் செய்தது எனக்கு உறைத்தது. வண்டி மேட்டில் இழுக்க மாட்டேங்குது, இருமுது, முன்னாடி மஞ்சள் லைட் ஒன்று எரியுது என்றாய். இங்க இருக்கிற மெக்கானிக் முதலில் ஃபில்டர் டப்பாவைத் திறக்கப் போனார், நான்தான், அது எங்கம்மா நின்னு மாத்தினது, அதுல ஒண்ணும் இருக்காது, வேற பாருங்கன்னு சொல்லிட்டேன், பிளக் எல்லாம் மாத்தியும் சரியாகல என்றாய். நான் ஃபோனைப் பிடித்துக்கொண்டு உம் கொட்டினேன். உம் மட்டும்தான் கொட்டினேன். அந்த நேரத்திலேயே சொல்லியிருந்தால் இந்தக் கடிதமே வேண்டாம். பக்கத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார், நீ வேறு அவசரம் அவசரம் என்றாய், நான் வாயைத் திறப்பதற்குள் வச்சிடுறேம்மா என்று வைத்துவிட்டாய்.

உடனே டார்ச்சிடம் ஓடினேன். எனக்கு என்று கேட்கக் கூச்சமாக இருந்தது, ஒருத்தர் இப்படிச் செய்துவிட்டாராம், தப்பா என்று கேட்டேன். டார்ச்சை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. பேப்பர் ஃபில்டரைத் துவைச்ச ஆளு நிறையப் பேரைப் பார்த்திருக்கேன், தைச்ச ஆள இப்பத்தான் கேள்விப்படுறேன், கண்ணுல காட்டுங்க, ஒரு கும்பிடு போடணும் என்றார். எதிரில்தான் நின்றுகொண்டிருந்தேன். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது, சிரிப்பு நின்றது. ஒரு பழைய ஃபில்டரை எடுத்து ஊசியால் இரண்டு குத்து குத்தி, பின்னால் டார்ச்சைப் பிடித்துக் காட்டினார். இரண்டு இடத்திலும் வெளிச்சம் பளிச்சென்று வந்தது. வெளிச்சம் வர்ற வழியில மண்ணு வராதாக்கா என்றார். அந்த மண் உள்ளே போய் எஞ்சினை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற மாதிரி தேய்க்குமாம். தண்ணீரில் நனைந்த பேப்பர் ஊறிக் காய்ந்தால் அதன் கண்கள் அடைத்துக்கொள்ளுமாம், எஞ்சின் மூச்சு விட முடியாமல் திணறுமாம். திணறினா என்ன ஆகும் என்றேன். மேட்டுல திடீர்னு அணைஞ்சு போகலாம், அணைஞ்சா பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கல்லு மாதிரி இறுகிடும் என்றார். ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் பாறை என்று நீ அந்தப் பாதையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாய். அதை இப்போது எடுத்துப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. பயமாக இருக்கிறது பாப்பா.

கழுவித் திரும்பப் போடுகிற ஃபில்டர் என்றே தனியாக ஒன்று இருக்கிறதாம், துணியில் செய்தது, கம்பி வலை வைத்தது. கேட்டதும் எனக்கு மனசு அதன்மேல் பாய்ந்தது, மறைப்பானேன். அப்பாவும் அதைத்தான் சொன்னார். குடிநீர் நிலையத்துல முப்பது வருஷம் மணல் ஃபில்டரைத் தண்ணி விட்டுக் கழுவித்தான் ஓட்டினோம், எவனாவது ஃபில்டரைத் தூக்கிப் போடுவானா என்று வீங்கின வாயோடு வாதம் செய்தார். ஆனால் டார்ச்சு கேட்ட கேள்வி என்னை நிறுத்தியது. அதைக் கழுவி, நிழலில் ஒரு நாள் முழுக்கத் தானாகக் காய விட்டு, அதற்கென்று உள்ள எண்ணெயை அளவாகப் பூச வேண்டுமாம். குறைந்தால் மண் உள்ளே போகும், கூடினால் எண்ணெய் உள்ளே பறந்து அங்கே காற்றை அளக்கிற நுணுக்கமான கம்பியில் ஒட்டிக்கொள்ளும், அப்போதும் வண்டி மக்கர் பண்ணும். உங்க பொண்ணு இதுக்கெல்லாம் பொறுமையா உட்காருவாங்களா என்றார். பக்கெட்டில் ஊறவைத்த சட்டையை மூன்று நாள் கழித்து நான் வந்து பிழிய வேண்டும் என்று இருந்த பெண் நீ. பண்ணையிலிருந்து ஃபோன் வந்தால் ஈரத்தோடு மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாய். அதோடு, கழுவுகிற சாமான் என்றால் நீ வரும்போதெல்லாம் என் கையும் அதைத் தேடிப் போகும். அதனால் பேப்பரே போதும் என்று முடிவு செய்தேன். இந்தத் தடவை கடையில் ஸ்டாக் இருந்தது, மூன்று அனுப்பியிருக்கிறேன். நீ போகிற மண் பாதைக்குப் புத்தகத்தில் போட்டிருக்கிற கணக்கு ஆகாது, மாதம் ஒரு தடவை திறந்து பார்த்து, அழுக்காக இருந்தால் தூக்கிப் போட்டுவிடு. தட்டாதே, ஊதாதே, கழுவாதே. இதை நான் எழுதுகிறேன் என்பதை யாரிடமும் சொல்லாதே.

இவ்வளவு எழுதிவிட்டு எழுந்து போய் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். இதுவரை அவருக்கு டார்ச்சு புது ஃபில்டர் வாங்கச் சொன்னார் என்பது மட்டும்தான் தெரியும். கேட்டுவிட்டுக் கன்னத்து வீக்கத்தைத் தடவிக்கொண்டார். அப்புறம் என்ன நூல் போட்ட என்று கேட்டார். சாம்பல் என்றேன். தலையை ஆட்டினார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, எழுதி முடிச்சியா, கொரியர் ஆபீஸ் அஞ்சு மணிக்குப் பூட்டிடுவான் என்று வாசலில் நிற்கிறார். திட்டியிருந்தால் தேவலை. செருப்பை மாட்டுகிறார், கழற்றுகிறார், மறுபடி மாட்டுகிறார்.

உங்கள் ஊர் மெக்கானிக்கிடம் நீயே போய், நீங்கள் சொன்னதுதான் சரி, தப்பு எங்கள் அம்மா மேல் என்று சொல்லு. அவர் எதிரிலேயே அந்த டப்பாவைத் திற. தையலைப் பார்த்து அவர் சிரித்தால் நீயும் சிரி, எனக்கு ஒன்றும் இல்லை. உள்ளே எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அவர் சொல்வதை மறைக்காமல் எனக்குச் சொல். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிக்னல் வந்த உடனே ஃபோன் போடு, குளித்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு என்று தள்ளாதே. இன்னொன்றும் உண்டு, அதைச் சொல்லாமல் இதை ஒட்ட முடியாது. என் தையல் கடைக்கு வருகிறவர்கள் நான் தைத்த சட்டையை உள்பக்கம் திருப்பி, தையலை இழுத்துப் பார்த்துத்தான் வாங்கிப் போகிறார்கள். முப்பத்திரண்டு வருஷமாகப் பார்க்கிறார்கள், ஒரு நாளும் எனக்கு வருத்தம் வந்ததில்லை. நீ ஒருத்திதான் திருப்பிப் பார்க்காமல் போட்டுக்கொண்டு போகிறவள். இனிமேல் அப்படிப் போகாதே. அம்மா செய்தது என்றாலும் திறந்து பார், பார்த்துவிட்டு நம்பு.

நீ நோய் நொடி இல்லாமல், போகிற பாதையெல்லாம் பத்திரமாகத் திரும்பி வந்து, நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். சனிக்கிழமை காரை எடுக்காதே.

உன் ஃபோனுக்காகக் கையில் ஃபோனோடு உட்கார்ந்திருக்கும்,
அம்மா