தவிட்டுக்குப் போன குழந்தை

ஜூன் 3, செவ்வாய்

கடும் வெயில். மேசைக்கு மேல் மின்விசிறி பழுது. பராமரிப்புப் பிரிவுக்கு மறுபடி எழுத வேண்டும்.

மருத்துவமனைக் காப்பீட்டுப் பிரிவில் கூட்டம். சேந்தமங்கலத்திலிருந்து ஒரு தாய், இடுப்பில் பெண் குழந்தை. இதயத்தில் ஓட்டை, உதடு நீலம். குடும்ப அட்டையில் குழந்தையின் பெயர் இல்லை. அட்டையில் இல்லாத பிள்ளைக்குக் காப்பீடு இல்லை. விதி.

பெயர் கேட்டேன். "குப்பாயிங்க." அது கூப்பிட மட்டுமாம். பிறப்புச் சான்றிதழில் பெயருக்கான இடம் காலி. முந்தைய இரு குழந்தைகளும் தவறியதால், இதைப் பிறந்தவுடன் பக்கத்து வீட்டு அம்மாளுக்குத் தவிட்டுக்கு விற்றிருக்கிறார்கள். யாருக்கும் வேண்டாத பிள்ளையென்று சாவு கண்டுகொள்ளாதாம்.

வாங்கிய அம்மாளும் உடன் வந்திருந்தார். "ஒரு மொறம் தவுடு குடுத்தனுங்க. இன்னிக்குத் தவுடு விக்கற வெலைக்கு இவதான் லாபம்."

அந்த விற்பனை செல்லாது என்றேன். பெயர் வைத்து, அட்டையில் சேர்த்து வரும்படி சொன்னேன்.

தாய்: "எழுதுனா தெரிஞ்சு போயிருமுங்க, சார்."

யாருக்கு என்றேன். குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டார்.

ஜூன் 19, வியாழன்

பிற்பகல் தூறல். சேந்தமங்கலம் தாய் வந்தார். பெயர் ஏறிவிட்டது. வாயால் சொல்லவில்லை, அட்டையைக் காட்டினார். பெயர்: ▬▬▬▬. அழகான பெயர். வழக்கப்படி உரக்கப் படித்துச் சரிபார்த்தேன். தாய் குழந்தையின் காதுகளைப் பொத்திக்கொண்டார்.

ஒப்புதலுக்கு அனுப்பியாயிற்று. மின்விசிறி அப்படியே.

ஜூன் 25, புதன்

ஒப்புதல் வந்தது. திங்களன்று அறுவை சிகிச்சை. சொல்ல, குழந்தையைச் சேர்த்திருக்கும் வார்டுக்குப் போனேன். அதற்கு மூச்சிரைப்பு கூடியிருக்கிறது.

தாய்: "பேரு வெச்சதுல இருந்துதானுங்க இப்படி."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

இரத்த அழுத்த மாத்திரை வாங்க வேண்டும். குளிக்கும்போதும் அந்தப் பெயர் என் குரலிலேயே கேட்கிறது. நான் படித்தபோது பின்னால் யாரோ நின்று கேட்டுக்கொண்டதுபோல்.

ஜூன் 30, திங்கள்

மேகமூட்டம். அறுவை அரங்க வாசல். செவிலியர் பெயரை அழைக்க வாயெடுத்தார். குறுக்கிட்டேன். கைப்பட்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள், கூப்பிட வேண்டாம் என்றேன்.

"நீங்களா சார் இப்படிச் சொல்றீங்க?"

கைப்பட்டையை நானே திருப்பிக் காட்டினேன். தவிட்டு அம்மாள் குனிந்து, "போயிட்டு வா சாமி. தவுடு குடுத்தவ வெளியிலதான் நிக்கறேன்." கதவு மூடியது.

மதியம் தாண்டியும் செய்தி இல்லை. 19-ஆம் தேதிக் குறிப்பில் இருந்த பெயரைக் கறுப்பு மையால் அடித்தேன். தாளின் மறுபக்கம் எழுத்துகள் தெரிந்தன. அங்கும் அடித்தேன்.