செய்திப்பலகையும் தனிப்பானையும்

2-2-1933, வியாழன். அரியலூர்.

பத்து வருடமாகத் தேர்தலில் தோற்றுக்கொண்டிருந்த நாஜிகள் கடைசியில் ஜெர்மனியைப் பிடித்துவிட்டார்கள். காலையில் பள்ளிச் செய்திப்பலகையில் எழுதினேன்: "பிறப்பைப் பார்த்து மனிதனை ஒதுக்கும் கட்சி ஆட்சிக்கு வந்தது."

தலைமையாசிரியர் ஓடிவந்தார். "அழிங்க சார். அந்த ஜெர்மன்காரன் வெள்ளைக்காரனுக்கு எதிரி. அப்ப நமக்கு வேண்டியவன்தானே?"

கள்ளுக்கடை மறியலில் வெள்ளைக்காரன் போலீஸிடம் அடிவாங்கியது என் முதுகு, அவருடையது இல்லை.

"எங்க சேரிப் பிள்ளைங்களுக்குத் தாழ்வாரத்துல தனிப்பானை வச்சிருக்கீங்களே சார். அதை எடுங்க, இதை அழிக்கிறேன்."

"வேலை போயிடும்" என்றார். போகட்டும். எழுத்து இன்னும் பலகையில்தான் இருக்கிறது.

எட்டு வருடமாக இங்கே வாத்தியாராக இருந்தும் நானும் அந்தத் தனிப்பானையில்தான் குடித்தேன். வாயைத் திறக்கவில்லை. நாளைக்குப் பொதுப்பானையில் முதல் குவளை எனக்கு.