அந்தக் காசை விற்காதே

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்து, கடைக்கு நடந்தே போய் வருகிறார். உன் இருமல் விட்டதா, அந்தச் சின்ன அறையில் சன்னலையாவது திறந்து வைக்கிறாயா என்று எழுது. தினமும் போனில் பேசும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அதோடு இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நீ வந்துவிட்டுப் போகும்போது அப்பா உன் கைப்பையில் பொட்டலம் கட்டி வைத்த காசை விற்காதே. நாணயக் கடைக்காரர் சொல்லும் விலை நாலு மாத வாடகைக்கு வரும் என்று நீ துள்ளினாய், நானும் உம் கொட்டிக்கொண்டிருந்தேன். அது நம் காசு இல்லை.

நம் தெருவுக்குக் காசுப் பைத்தியம் பிடித்தது உனக்குத் தெரியும். போன் வீடியோவில் எவனோ "இந்தக் காசு உங்க வீட்ல இருந்தா நீங்கதான் லட்சாதிபதி" என்று கத்துவதைக் கேட்டுவிட்டு ஆளாளுக்குச் சட்டைப்பையையும் உண்டியலையும் கவிழ்த்தார்கள். அப்பாவைக் கேட்கவே வேண்டாம், நம் நோட்டுப் புத்தகக் கடைக் கல்லாவில் விழுந்ததில் பளபளத்தது, கறுத்தது, வளைந்தது எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு, பாக்கிச் சில்லறைக்குப் பதிலாக அழிரப்பர் கொடுத்துக்கொண்டிருந்தார். நான்தான் அதற்கு ஒரு சட்டம் போட்டேன். பழசு என்பதற்காக விலை வராது, கோடிக்கணக்கில் அடித்த காசு எத்தனை வயதானாலும் வெறும் காசுதான். குறைவாக அடித்த வருடமா, அச்சிலேயே பிழை விழுந்ததா என்று பார், இரண்டும் இல்லையென்றால் போய்க் காய்கறி வாங்கு. தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறவள் சொன்னதால் தெரு அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டது. வேலை முடிந்து வந்தால் கடை வாசலில் டப்பாவும் கையுமாக நிற்பார்கள், நானும் செருப்பைக்கூடக் கழற்றாமல் தள்ளு, தள்ளு, இதை வை என்று தீர்ப்பு சொல்லிக்கொண்டே போவேன். எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

கடைக்கு எதிரே இருக்கும் தையல்காரரை நினைவிருக்கும், உன் பள்ளிச் சீருடையை வருடா வருடம் மடிப்புப் பிரித்து இறக்கித் தந்தவர். அவரும் ஒரு காசைக் கொண்டுவந்தார். எண் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நின்றது, எதிர் ஓரத்தில் பிறை போல வெறும் தகடு. கண்ணாடியைக்கூட எடுத்துப் போடாமல், யாரோ சுத்தியலால் தட்டிய காசு, செலவழித்துவிடுங்கள் என்றேன். "மேடமே சொல்லிட்டாங்க, இத்தனை நாளா இதுக்குப் போய் மிஷின் டிராயர்ல தனி இடம் குடுத்து வச்சிருந்தேன்" என்று சிரித்தார். சொன்ன பேச்சைக் கேட்டு நம் கடையிலேயே அதைக் கொடுத்துப் பென்சில் வாங்கியிருக்கிறார். இரண்டு நாள் கழித்து அப்பா ஒரு கைப்பிடி காசை மேசையில் பரப்பியபோது அந்தப் பிறை என்னைப் பார்த்தது. யார் கொடுத்தது என்று அப்பா கவனிக்கவில்லை. இது அபூர்வக் காசு என்று அடம்பிடித்தார், அவர் வாயை அடைக்கத்தான் ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப் போனேன். சுத்தியல் பட்டிருந்தால் தழும்பு இருக்கும், சீவியிருந்தால் எடை குறையும். நுண்ணோக்கியில் தழும்பு இல்லை, தராசில் எடை முழுசாக நின்றது. அச்சடிக்கும்போதே தகடு விலகிப்போன காசு, என் சட்டப்படியே வைத்துக்கொள்ள வேண்டிய காசு. "என்னமா கிண்டல் பண்ணே, இப்பச் சொல்லு பாக்கலாம்" என்று அப்பா வீட்டையே ரெண்டாக்கினார். அப்போதே இது எதிரே இருப்பவருடையது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நான் சரியாகப் பார்க்காமலே தீர்ப்புச் சொன்னது வெளியே வரும். வாயைத் திறக்கவில்லை. பிறகு நீ விலையைச் சொன்னாய், வாயை மூடிக்கொண்டிருப்பது இன்னும் சுலபமாகிவிட்டது. யோசித்துப் பார், நல்ல காசை மட்டம் என்று சொல்லி அவர் கையிலிருந்து கழற்றி, நம் கல்லாவில் விழவைத்து, மகளை விட்டு விலையும் பேசியாயிற்று. திருடத் திட்டம் போட்டிருந்தால்கூட இவ்வளவு சுத்தமாக வந்திருக்காது.

இன்று மாலை அவரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். மோட்டார் எரிந்துபோய் மனிதர் காலால் மிதித்துத் தைத்துக்கொண்டிருக்கிறார். நூலைப் பல்லில் கடித்தபடி கேட்டுவிட்டு, "அது தட்டுன காசு மேடம், நீங்கதானே சொன்னீங்க" என்றார். நான் சொன்னது தப்பு என்றேன். "நீங்களாவது தப்பாச் சொல்றதாவது. மோட்டார் போச்சுன்னு தெரிஞ்சு, கையில குடுத்தா வாங்க மாட்டான்னு ஒரு கதை கட்டிக்கிட்டு வந்திருக்கீங்க, இந்த மனசு யாருக்கு வரும்" என்று சொல்லி, நமக்குத் தைத்து வைத்திருந்த தலையணை உறைக்குக் கூலிகூட வாங்க மாட்டேன் என்றுவிட்டார். அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் வேறு தலையாட்டினார்கள். தப்பை ஒப்புக்கொள்ளப் போனவள் புண்ணியவதியாகத் திரும்பினேன், தெருவைத் தாண்டுவதற்குள் கூசிப்போனது. வாசலில் பால்காரரின் மனைவி வழக்கம்போல டப்பாவை நீட்டினாள். எனக்குத் தெரியாது, வேறு யாரிடமாவது காட்டுங்கள் என்றேன். "உடம்புக்கு ஏதாவது பண்ணுதா மேடம்" என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

ஆகவே காசு இங்கே வந்தே ஆக வேண்டும். நாணயக் கடைக்காரர் சொன்ன விலையை அவர் கையாலேயே எழுதி வாங்கிச் சேர்த்து அனுப்பு. அது தையல்காரரின் மிஷின் மேல் வந்து விழுந்தால்தான், அவர் வேறு நாணயக் கடைக்குப் போய் என் வாயல்லாத ஒரு வாயிலிருந்து உண்மையைக் கேட்பார். உன் வாடகைக்கு என் சேமிப்பிலிருந்து எடுத்து அனுப்புகிறேன், நாலு மாதத்துக்குக் காணாது, கோபித்துக்கொள், ஆனால் விற்றுவிடாதே. அப்பாவிடம் இன்று சாப்பாட்டுக்குப் பிறகு நானே சொல்கிறேன், நீ முந்திக்கொள்ளாதே.

வேலை வேலை என்று வெறும் வயிற்றோடு படுக்காதே. நீ நோய்நொடி இல்லாமல் நிமிர்ந்து நட, தெரியாததைத் தெரியாது என்று என்னைவிடச் சின்ன வயதிலேயே சொல்லப் பழகு, இதுதான் இப்போதைக்கு என்னால் தர முடிந்த ஆசி. காசைத் துடைத்துப் பளபளப்பாக்கிவிடாதே, இருக்கிறபடியே பஞ்சில் சுற்றிப் பதிவுத் தபாலில் போடு. பெறுநர் இடத்தில் என் பெயரை எழுதாதே, எதிர்த் தையல்கடை முகவரியை எழுது.

உன்
அம்மா