நீலத் தூள்

மார்ச் 4

மகள் வந்து ஒரு வாரமாகிறது, பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை. கேட்டால், "எத்தனை நாளைக்கோ, யாருக்குத் தெரியும்ப்பா" என்கிறாள். எத்தனை நாளா? மாப்பிள்ளை கைநீட்டிய வீட்டுக்கு அவள் எதற்குத் திரும்பிப் போக வேண்டும்? அவள் தங்கியிருக்கும் அறையில் பழைய அலமாரி வேறு பெயிண்ட் உரிந்து பார்க்கச் சகிக்கவில்லை. சுரண்டி, வார்னிஷ் அடித்துக் கொடுத்தால் இது தன் வீடு என்று அவளுக்கும் தோன்றும்.

மார்ச் 6

பெயிண்ட் ரிமூவர் டப்பாவைத் திறந்ததுமே மகள் ஓடிவந்தாள். "குழந்தை இருக்கிற வீட்ல இந்த நாத்தம் வேணாம்ப்பா." நியாயம்தான். மூடிவிட்டேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொள்கிறேன். கை வலிக்கும். வலிக்கட்டும்.

மார்ச் 11

ஒரு கதவு முடிந்தது. நீலத்துக்குக் கீழே பச்சை, பச்சைக்குக் கீழே வெள்ளை, அதற்கும் கீழே — அசல் தேக்கு! எந்தப் புண்ணியவான் இதன்மேல் பெயிண்ட் அடித்தானோ.

பேத்தி, என் சுண்டெலி, தரையில் விழுந்த நீலத் தூளில் விரலால் கோலம் போடுகிறாள். "தாத்தா மாவு" என்கிறாள். என் மீசையெல்லாம் நீலம். அதைப் பார்த்து மகளும் சிரித்துவிட்டாள். வந்ததிலிருந்து இன்றுதான் சிரிக்கிறாள்.

மார்ச் 19

சுண்டெலி சாப்பிட மாட்டேன் என்கிறாள்.

மார்ச் 23

வயிற்று வலி என்று அழுகிறாள். அழுது முடித்ததும் துவண்டு படுத்துவிடுகிறாள். "அவங்கப்பாவ தேடுறாளோ என்னவோ" என்றாள் மகள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தேடுறது அவளா, நீயா?" என்று கத்திவிட்டேன். ஏன் வாயைத் திறந்தேன்? கோபத்தில் மீதிக் கதவையும் இன்றே தேய்த்துத் தள்ளினேன்.

மார்ச் 28

வார்னிஷ் காய்ந்து அலமாரி பளபளக்கிறது. மகள் பெட்டியைப் பிரித்துத் துணிகளை அடுக்கினாள். "இங்கயே இருந்துடறேம்ப்பா" என்றாள். மனசு நிறைந்துவிட்டது. சுண்டெலிக்குத்தான் இன்னும் சரியாகவில்லை. நாளை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறோம்.

ஏப்ரல் 2

"வீட்ல பழைய பெயிண்ட் ஏதாவது சுரண்டினீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார். "ஆமாங்க, நானேதான், ரிமூவர்கூடப் போடாம, வெறும் கையாலயே" என்றேன். பெருமையாக வேறு சொல்லித் தொலைத்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

குழந்தையின் ரத்தத்தில் ஈயம். பழைய பெயிண்டில் இருக்குமாம். தூளாகி, விரலில் ஒட்டி, வாய்க்குள் போயிருக்கிறது. என் கையால்தானே? நாற்றம் வேண்டாம் என்றுதானே தேய்த்தேன்... இந்தத் தூளுக்கு நாற்றமே இல்லையே.

"மூளைக்கு ஒண்ணும் ஆகாதே?" — மகள்.

"இப்ப சொல்ல முடியாதும்மா. மொதல்ல குழந்தை அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகக் கூடாது."

ஏப்ரல் 5

மின்விசிறி, ஜன்னல் கம்பி, தலையணை உறை. துடைக்கத் துடைக்க நீலம்.

ஏப்ரல் 9

இன்று சுண்டெலிக்கு டிஸ்சார்ஜ். ஒரு வாடகை வீட்டுக்குச் சொல்லி வைத்திருந்தேன். அதற்குள் மாப்பிள்ளை கார் எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். "எங்க வீட்ல விஷம் இல்ல மாமா" என்றான், ரொம்ப மரியாதையாக.

மகளைத் தனியே இழுத்துப்போய், "ரெண்டு நாள் பொறும்மா, வேற வீடு பாத்துட்டேன்" என்றேன். அவள் சுண்டெலியைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அங்க அடி எனக்கு மட்டும்தாம்ப்பா."

கார்க் கதவை நான்தான் திறந்துவிட்டேன்.