பிரசன்னா ஊற்றிய ஆயில்

ஜூலை 8, செவ்வாய்

இட்லி மிச்சமில்லை. சாம்பார் கொஞ்சம் மிஞ்சியது, மத்தியானம் சோற்றில் ஊற்றிக்கொண்டோம். ஸ்தோத்திரம்.

வண்டிதான் முனகுகிறது. பின்னாடி ரெண்டு பெரிய ஹாட்பாக்ஸ், முன்னாடி சாம்பார் தூக்கு, சட்னி வாளி, எல்லாத்துக்கும் மேல நான். எக்ஸெல் பாவம், அதுவும் வாயில்லா ஜீவன்தானே. ஆயில் மாற்றி ரொம்ப நாளாகிவிட்டது. பங்கில் பெட்ரோல் போடும் பையன் இன்னும் "ஆயில் கலக்கணுமாக்கா?" என்று கேட்கிறான். "இது ஃபோர் ஸ்ட்ரோக்குடா, ஆயில் தனியா இன்ஜின்லதான்" என்று நானும் ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன். ஊரில் பழைய வண்டிகள் அத்தனை இருக்கின்றன, அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

கம்பெனிப் பொண்ணுங்க தங்கும் ஹாஸ்டலின் வார்டன் வேல்விழி மேடம் இன்றைக்கு ஒன்று சொன்னார்கள். இந்த மாசம் முழுக்க ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் பஸ் வருவதற்கு முன்னால் டிபன் ஒழுங்காக வந்துவிட்டால், அடுத்த மாசத்திலிருந்து ராத்திரி சாப்பாடும் எனக்கே தருவார்களாம். கர்த்தரே, வண்டியைப் பார்த்துக்கோ. என்னை அப்புறம் பார்க்கலாம்.

ஜூலை 9, புதன்

இன்றைக்கும் என் வீட்டுக்காரர் பிரசன்னா வெளியே போகவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜூலை 10, வியாழன்

கார் கம்பெனியில் காண்ட்ராக்ட் முடிந்து மே மாசத்திலிருந்து அவர் வீட்டில்தான். கார் பூட்டும் லைனில் இன்ஜினுக்கு ஆயில் ஊற்றும் வேலை. ஏழு வருஷம் அதே இடம். ஊரில் எந்தக் கார் போனாலும் "இது நான் ஆயில் ஊத்தினதா இருக்கும்" என்பார், நான் சிரிப்பேன். இப்போது கார் போனால் ஒன்றும் சொல்வதில்லை. கம்பெனி பஸ் ஹார்ன் கேட்டால் ஜன்னலை விட்டு உள்ளே போய்விடுகிறார். கடைக்குப் போவதென்றால்கூட பின்தெருதான். பழைய ஆட்கள் கண்ணில் படக்கூடாதாம். அதே பஸ்தான் ஹாஸ்டல் வாசலிலும் நிற்கும். அதனால் டிபன் கொண்டுபோக வாங்க என்று நான் கூப்பிட்டதே இல்லை.

ஆனால் விடியற்காலையில் எனக்கு முன்னால் எழுந்து இட்லிப் பானைக்குத் தண்ணீர் வைத்துவிடுகிறார். அதற்கு நன்றி சொல்ல வேண்டும். அவரிடம் சொன்னால் சங்கடப்படுவார், இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

ஜூலை 11, வெள்ளி

இன்றைக்கு சந்தோஷம்!

நான் ஹாஸ்டலிலிருந்து வந்து ஹாட்பாக்ஸ் இறக்கும்போது பிரசன்னா தானாகவே வந்து இன்ஜின் பக்கம் காதை வைத்துக் கேட்டார். ஆயில் அளவு பார்க்கும் ஸ்டிக்கை உருவி விரலில் தேய்த்துப் பார்த்தார். "இன்னா ஷெர்லி, ஆயிலா இது? தார் மாதிரி கீது. நான் மாத்தறேன் வுடு."

நான் மாத்தறேன்! ரெண்டு மாசத்தில் அவர் வாயிலிருந்து வந்த நல்ல வார்த்தை. டவுன் பஸ் ஏறி ஸ்ரீபெரும்புதூருக்கே போய் ஒரு டப்பா வாங்கி வந்தார். எதிரில் இருக்கும் கடையில் பைக் ஆயில் கிடைக்குமே என்றேன். "அதெல்லாம் சாதா. இது ஜீரோ ட்வென்டி. நாங்க லைன்ல ஊத்தனது. இதுக்கு மேல ஆயிலே கெடையாது" என்றார். முகத்தில் பழைய பிரசன்னா.

இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கினார், அப்போதுதான் பழசு முழுக்க இறங்குமாம். அடியில் இருக்கும் போல்ட்டைக் கழற்றினார். கறுப்பாக இறங்கியது. எதில் பிடித்தார் என்று பார்த்தால் என் மாவுக் குண்டான்! கத்தினேன். "கழுவிடலாம் ஷெர்லி." எதைக் கழுவுவது? இனிமேல் அது ஆயில் குண்டான்தான். போகட்டும். சொட்டு நிற்கும்வரை குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். புது வாஷர் போட்டு இறுக்கி, தேன் நிறத்தில் புது ஆயில் ஊற்றி, ஸ்டிக்கில் அளவு பார்த்து, மறுபடி பார்த்து, துடைத்து, தள்ளி நின்று வண்டியைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

குண்டானுக்கு ஸ்தோத்திரம்.

ஜூலை 13, ஞாயிறு

நேற்று சனிக்கிழமை, பாதிப் பொண்ணுங்க ஊருக்குப் போய்விட்டார்கள், லோடு கம்மி. வண்டி சத்தமே இல்லாமல் போனது.

இன்றைக்குச் சபையில் சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து நின்றுவிட்டேன். "என் வீட்டுக்காரர் கையால ஆயில் மாத்தினாரு, வண்டி பட்டு மாதிரி ஓடுது, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றேன். பின்னாடி யாரோ சிரித்தார்கள். ஆயிலுக்கெல்லாமா சாட்சி என்றிருக்கும். அவர்களுக்கு என்ன தெரியும்? நான் சாட்சி சொன்னது ஆயிலுக்கா?

பிரசன்னா தலையைக் குனிந்துகொண்டார். காது சிவந்திருந்தது.

ஜூலை 14, திங்கள்

ஏரிக்கரை ஏற்றத்தில் வண்டி இழுக்கவில்லை. முழு லோடு. ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் இன்ஜின் கத்துகிறது, சக்கரம் நகர மாட்டேன் என்கிறது. இறங்கித் தள்ளினேன். சாம்பார் தளும்பிப் புடவையெல்லாம். போய்ச் சேர்ந்தபோது பஸ் போய்விட்டது. பொண்ணுங்க அத்தனை பேரும் வெறும் வயிறோடு லைனில் நிற்கப் போயிருக்கிறார்கள்.

வேல்விழி மேடம் திட்டவில்லை. "ஷெர்லின், இன்னொரு தடவை இப்படி ஆனா நான் வேற ஆள் பாக்கணும்" என்றார்கள், மெதுவாக. திட்டியிருந்தால் தேவலை.

இட்லி முழுசும் திரும்பி வந்தது. தெருவில் எல்லா வீட்டுக்கும் கொடுத்தேன்.

ஜூலை 15, செவ்வாய்

இன்னும் சீக்கிரம் கிளம்பினேன். அதே ஏற்றம், அதே கதை. தள்ளித் தள்ளித்தான் கொண்டுபோனேன். ஆனால் பஸ் இருந்தது! முப்பிடாதி என்று ஒரு பொண்ணு, தென்காசிப் பக்கம், படிக்கட்டில் ஒரு காலும் ரோட்டில் ஒரு காலுமாக நின்றுகொண்டு டிரைவரிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். "எக்கா, ஓடியாங்க! இவருகிட்ட எங்க ஊரு அருவிக் கதைய பூராவும் சொல்லி முடிச்சிட்டேன், இனி சொல்லுததுக்கு ஒண்ணுமில்ல" என்றாள். பொட்டலமாகக் கட்டி ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். அந்தப் பொண்ணு நூறு வருஷம் நல்லா இருக்கட்டும்.

வரும்போது மெக்கானிக் கண்ணப்பனிடம் காட்டினேன். ஆயில் இப்போதுதான் மாற்றியது, என் வீட்டுக்காரர் மாற்றியது, நல்ல உசத்தி ஆயில் என்று நானே பெருமையாக முதலில் சொன்னேன். ஸ்டிக்கை உருவிப் பார்த்தார். "ஆயில் சுத்தமா கீதுக்கா, அளவும் கரெக்ட்டு. அப்ப கிளட்ச்தான் போச்சு. முழு செட்டா மாத்தணும். சாமான் வெள்ளிக்கிழமதான் வரும்."

வீட்டுக்கு வந்து சொன்னேன். பிரசன்னா கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ! "ரெண்டு நாளா ஒண்டியா தள்ளிக்கினு போறேன். பின்னாடி ஒரு கை குடுக்க வந்தியா நீ? பஸ்ல எவனாவது பாத்துடுவானாம்! பாத்தா இன்னா, கண்ணு பூடுமா?"

நீ என்று சொல்லிவிட்டேன். கல்யாணமானதிலிருந்து சொன்னதில்லை.

அவர் சாப்பிடவில்லை. நானும்தான். இன்றைக்கு நன்றி சொல்ல முப்பிடாதியைத் தவிர யாரும் இல்லை.

ஜூலை 16, புதன்

காலையில் ஆட்டோ பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பஸ்சுக்கு முன்னாலேயே. வந்து படுத்தவள் அப்படியே தூங்கிவிட்டேன்.

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டு எழுந்தேன். நல்ல வெயில். பிரசன்னா தனியாகத் தெருக்கோடி வரை ஓட்டிப் போய் வந்தார், வண்டி நன்றாகவே போனது. அப்புறம் அரிசி மூட்டையைப் பின்னாடி வைத்துக் கட்டினார். கிளப்பினார், இன்ஜின் கத்தியது, வண்டி ஊர்ந்தது. மூட்டையை இறக்கினார். ஓடியது. மறுபடி ஏற்றினார். நான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது. எதிர்க் கடையில் போய் ஒரு பைக் ஆயில் டப்பாவை வாங்கி வந்து, தான் ஊற்றிய டப்பாவையும் பக்கத்தில் வைத்து, ரெண்டின் பின்பக்கத்தையும் எழுத்துக்கூட்டி வாசித்தார்.

உள்ளே வந்தார்.

"ஷெர்லி, கிளட்ச் போவல. நான் ஊத்தன ஆயில்தான்."

நான் புரியாமல் பார்த்தேன். சொன்னார். காரில் கிளட்ச் தனியாகக் காய்ந்து இருக்குமாம். இந்த வண்டியில் அது இன்ஜின் ஆயிலுக்குள்ளேயே முழுகிக் கிடக்குமாம். கார் ஆயிலை வழவழவென்று ஓடுவதற்காகவே செய்கிறார்கள், அதில் கிளட்ச் பிடிக்காமல் வழுக்குகிறது. லோடு இல்லாதபோது தெரியாது, ஏற்றத்தில் தெரியும். பைக் ஆயில் டப்பாவில் எம்.ஏ. என்று போட்டிருக்கிறதே, அது கிளட்ச் நனைகிற வண்டிக்கு என்று அர்த்தமாம்.

"ஏழு வருஷம் ஆயில் ஊத்துனேன். ஒரு நாள்கூட இந்த வண்டிக்கு இந்த ஆயில்னு நானா எடுத்தது கெடையாது. ஆயில் கன்னை வெச்சா அதுவே அளந்து ஊத்திடும். மொத தடவ நானா எடுத்தேன், தப்பா எடுத்துட்டேன். உன்ன ரோட்ல தள்ள வுட்டது நான்தான்."

அவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். கிளட்ச் என்று கண்ணப்பனே சொல்லியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை கிளட்சை மாற்றும்போது ஆயிலையும் மாற்றியிருப்பார்கள், எல்லாம் சரியாகியிருக்கும், இது யாருக்கும் தெரிந்திருக்காது. ஏற்கெனவே நொந்துபோயிருக்கிற மனுஷன், நான் வேறு முந்தின நாள் அப்படிக் கத்தியிருக்கிறேன். அப்படியும் என் முன்னாடி நின்று சொன்னார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் நான் கோபத்தில் அழுகிறேன் என்று நினைத்து இன்னும் பயந்தார். இல்லைங்க, இல்லைங்க என்றேன்.

சாயங்காலம் ரெண்டு பேரும் சேர்ந்து அந்தத் தேன் நிற ஆயிலை இறக்கிவிட்டுப் பைக் ஆயிலை ஊற்றினோம். குண்டானை நான்தான் எடுத்துவந்து வைத்தேன்.

ஜூலை 17, வியாழன்

ஏற்றத்தில் கொஞ்சம் முக்கியது. நிற்கவில்லை. கிளட்சில் கார் ஆயில் ஊறிக் கிடக்கும், ரெண்டு நாள் ஓட்டிவிட்டு இதையும் இறக்கிப் புதுசு ஊற்றினால்தான் முழுசாகப் போகுமாம். வீண் செலவுதான் என்று அவரே வருத்தப்பட்டார். புது கிளட்ச் செட்டுக்கு இது எவ்வளவோ மேல் என்றேன்.

கண்ணப்பனிடம் அவரே நேரில் போய்ச் சாமான் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். முன்தெரு வழியாக. என்ன சொன்னார் கண்ணப்பன் என்று கேட்டேன். "'ஆயில் சுத்தமா கீதேன்னு நானும் ஏமாந்துட்டேன்பா'ன்னாரு. டீ வாங்கிக் குடுத்தாரு."

ஜூலை 19, சனி

ரெண்டாவது தடவையும் ஆயில் மாற்றியாயிற்று.

ஜூலை 21, திங்கள்

முழு லோடு. ஏரிக்கரை ஏற்றத்தில் வண்டி சும்மா ஏறியது. மேலே போய் நிறுத்தி, ஏரியைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றேன். தண்ணீர் கம்மிதான். ஆனாலும் நன்றாக இருந்தது.

ஜூலை 28, திங்கள்

சளி, தலைவலி. ஆனாலும் நேரத்துக்குப் போனேன். வேல்விழி மேடம் ராத்திரி சாப்பாடு பற்றி வாயே திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டு இல்லை என்றுவிட்டால்?

ஆகஸ்ட் 1, வெள்ளி

கொடுத்துவிட்டார்கள்! திங்கள் முதல் வியாழன் வரை மட்டும், முதலில் பார்க்கலாம் என்றார்கள். போதும். பாதி கொடுத்த கர்த்தர் மீதியும் கொடுப்பார். வீட்டுக்கு வந்து சொன்னதும் பிரசன்னா, "அப்ப காலையிலயும் நீ, ராத்திரியும் நீயா? ஒடம்பு தாங்காது ஷெர்லி" என்றார். தாங்கும் என்றேன். அவர் ரொம்ப நேரம் இட்லித் தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

நேற்று ராத்திரிச் சாப்பாடு முதல் நாள். நல்லபடியாக முடிந்தது, முதுகுதான் விட்டுப்போயிற்று.

காலையில் எழுந்தபோது அடுப்படியில் விளக்கு எரிந்தது. இட்லி வெந்து முடிந்திருந்தது, ஹாட்பாக்ஸ் இருக்கும் இடம் காலி. சாம்பார் தூக்கு இல்லை. வாசலில் வண்டி இல்லை.

வழியில் எங்காவது நின்றிருந்தால்? ஹாஸ்டல் வாசலில் அந்த பஸ்ஸைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டால்? போன் பண்ணலாமா வேண்டாமா என்று கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

முப்பிடாதிதான் பண்ணினாள். "எக்கா, உங்களுக்கு மேலுக்கு முடியலையா? அண்ணன்லா வந்திருக்காவ. எல்லாத்துக்கும் குடுத்தாச்சு. ஆனா சட்னி மட்டும் அளந்துல்லா ஊத்துதாவ, நீங்க ஊத்துத மாதிரி இல்ல." சிரித்தாள். அப்புறம், "பஸ் வந்ததும் அண்ணன் கொஞ்சம் அந்தப் பக்கமா திரும்பி நின்னாவ. பஸ்ஸுக்குள்ளருந்து ரெண்டு மூணு பேரு பேரச் சொல்லிக் கூப்பிட்டாவக்கா. அப்பமும் நின்னுக்கிட்டே இருந்தாவ. பொறவு ஒரு பாத்திரம் நெறைய இட்லிய எடுத்துக்கிட்டு ஜன்னலு கிட்டப் போயிட்டாவ" என்றாள்.

போனை வைத்துவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். நல்ல அழுகை.

ஏழு மணி வாக்கில் வண்டிச் சத்தம் கேட்டது. காலி ஹாட்பாக்ஸைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். நான் அழுததைக் காட்டிக்கொள்ளாமல், "பஸ்ல கூடக் குடுத்தீங்களாமே, காசு வாங்கினீங்களா?" என்று கேட்டேன்.

"அதெப்டி வாங்கறது?" என்றார். "நம்ம பசங்க."