கல்லில் வெட்டிய உன் அம்மா பெயர்

ஹாவெல்ட,
9 மார்ச் 1971

அன்பு மகள் ஹில்லிக்கு,

அப்பா எழுதுகிறேன். மூட்டுவலி தவிர எனக்கு வேறு குறையில்லை, கனடாக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் நல்லபடியாக இருக்க வேண்டும். அம்மா போய் ஐந்து மாதம் கழித்து, போன வாரம்தான் கல்லறையில் கல் நட்டார்கள். ஏற்பாடெல்லாம் உன் அண்ணன் ஹார்ம், என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. போய்ப் பார்த்தால் கல்லில் அலீடா என்று வெட்டியிருக்கிறது. நாற்பத்தோரு வருஷம் என்னோடு மாடு கறந்தவள் ஆல்ட்யெ, இந்த அலீடா யார் என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எல்லாம் உன் அண்ணி ஃபென்னாவின் பகட்டு, நம் பெயர்கள் அவளுக்குப் பட்டிக்காடு என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து நேரே அவர்கள் வீட்டுக்குப் போனேன். காப்பி ஊற்றிக்கொண்டிருந்தவளிடம், வந்து ஆறு வருஷம் ஆகவில்லை, செத்தவள் பெயரையே மாற்றிவிட்டாயா என்று கேட்டேன், இன்னும் எழுதக் கூடாததும் சொன்னேன். ஹார்ம் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் எழுந்துபோய் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு பழைய உறையை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். ஆஸ்பத்திரியில் தன் கல்லுக்காக அம்மா அதன்மேல் எழுதியது, அவள் கையெழுத்து எனக்குத் தெரியாதா. அலீடா, முழுசாக, அவ்வளவுதான் இருந்தது.

"மாமா, நான் மாத்தல. மாத்தினது உங்க வீடு," என்றாள்.

உண்மைதான் ஹில்லி. கல்யாணத்தன்று பாதிரியார் சொன்னார், அடெல்ஹைட் என்ற பழைய பெயர், உயர்குடியில் பிறந்தவள் என்று பொருள், அதுதான் அலெய்டாவாகி அலீடாவானது என்று. என் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு சாணி அள்ள முடியுமா என்று மறுநாளே ஆல்ட்யெ ஆக்கினாள், அவசரத்துக்கு வெறும் ஆல். நம் பேச்சில் அது விலாங்கு மீனின் பெயரும்தானே, பால் ஊற்றுமிடத்தில் அவளைக் கண்டதும், விலாங்கு வருது, வழுக்கிடும் என்று மற்றவர்கள் கிண்டல் செய்வார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அவள் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை, பிடித்துப்போயிற்று என்றே இருந்துவிட்டேன். அம்மா ஏன் இதை என்னிடம் சொல்லவில்லை என்று ஃபென்னாவைக் கேட்டேன். அவரிடம் சொன்னால் சிரிப்பார் என்று அம்மா சொன்னாளாம். சிரித்துத்தான் இருப்பேன்.

கல் அப்படியே நிற்கிறது. நேற்றுப் போய் முன்னால் நின்றேன், எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் திரும்பிவந்தேன்.

பெண் பிறந்தால் ஆல்ட்யெ என்று வைப்பதாக எழுதியிருந்தாய். வேண்டாம். அலீடா என்று பதிவு செய், யார் சுருக்கிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காதே என்று சொல்லி வளர். சுகமாகப் பெற்றெடு, ஆண்டவர் உங்கள் மூவரையும் காக்கட்டும். மறக்காமல் ஃபென்னாவுக்கு இரண்டு வரி அன்பாக எழுது. நான் இன்னும் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.

உன் அப்பா,
ரூலோஃப்