லூப்பின் பிடுங்கிய இடத்தில் ஒரு படம்

யூன் 14, சனிக்கிழமை இரவு

கோபம் அடங்கவில்லை.

நோர்வேயின் சாமிப் பழங்குடிப் பிள்ளைகளோடு குரோருட் ஆற்றங்கரையில் லூப்பின் செடி பிடுங்கினோம். விட்டால் மற்றச் செடிகளைத் தின்றுவிடும். அந்தக் குழுவுக்கு நான் துணைப் பொறுப்பாளராம். வான் ஓட்டுவதும் சோசேஜ் சுடுவதும்தான் என் பொறுப்பு. இன்றைக்குத் தலைவி எல்லே என்ற சாமிப் பிள்ளை. என் மகளின் வயது. முதல்தரம் தலைமை தாங்கினாள், நன்றாகவே வேலை வாங்கினாள்.

படமெடுக்க வந்த நகராட்சி அலுவலகப் பெண்மணி எல்லேயிடம், "உங்கட பாரம்பரிய உடுப்பைப் போடும். இல்லாட்டி உம்மைச் சாமி எண்டு ஆருக்குத் தெரியும்?" என்றா.

"அது கொண்டாட்டத்துக்குப் போடுறது. சேத்துக்குள்ளை போட்டா அம்மா கொல்லுவா," என்றாள் எல்லே.

"அப்ப தள்ளி நில்லும்."

பிறகு என்னைக் கூப்பிட்டா. என் நிறம் படத்துக்கு எடுப்பாம்! நானும் வண்டி வயிற்றை எக்கிக்கொண்டு போய் நின்று பல்லைக் காட்டினேன். மாடு.

திரும்பும்போது வானுக்குள் எல்லே கேட்டாள்: "நீங்கள் ஏன் சிரிச்சனீங்கள்? நான் இனி வரேல்லை."

திங்கள் காலை அந்த அலுவலகத்துக்குப் போன் எடுப்பேன். அந்தப் படத்தைத் தூக்கு, பிள்ளையிடம் மன்னிப்புக் கேள் என்று கத்துவேன். கோபத்தில் என் நோர்வேஜிய மொழி இன்னும் கேவலமாகும். ஆகட்டும்.

அதற்கு முதல் எல்லேயிடம் நான் மன்னிப்புக் கேட்கவேண்டும்.